அழாத பிள்ளை: கடுமையான கூச்சமும் அதற்கான உதவியும்

வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். "சரி, ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லி, உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்கிறார் கூட்டத்தை நடத்துபவர். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு நிமிஷச் சடங்கு. எனக்கு அது திரி. மறுமுனையில் பற்ற வைத்துவிட்டார்கள், என்னை நோக்கி வருகிறது. எனக்கு முன்னால் இன்னும் ஏழு பேர். ஆறு. ஐந்து. என் பெயரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து எனக்கு இருக்கிற அதே பெயர். பக்கத்தில் இருந்தவர் தன் பெயரைச் சொன்னது காதிலேயே விழவில்லை. தொண்டையைச் செருமலாமா, செருமினால் பயம் தெரிந்துவிடுமா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது, சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை, வட்டம் என்னைத் தாண்டிப் போனது. அடுத்த அரை மணி நேரம் அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டால் தெரியாது. குரல் கீச்சென்று வந்துவிட்டதா என்ற விசாரணை உள்ளே நடந்துகொண்டிருந்தது.

"அவருக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்களே, அந்தக் கூச்சம் வேறு, இது வேறு. இதற்கு மருந்து உண்டு, சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தருகின்றன. சிக்கல் வேறு இடத்தில். உதவி வேண்டுமென்றால் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் செய்ய வேண்டும், அறைக்குள் நுழைய வேண்டும், தன்னைப் பற்றிப் பேச வேண்டும். எது முடியவில்லையோ அதையே வாசற்படியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழுவதற்கே கூச்சப்படுகிற பிள்ளையின் கதை இது.

தமிழில் இதற்கு வாய்த்திருக்கும் சொல் நல்ல சொல். வெயிலில் கண் கூசுகிறது. சில்லென்ற தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. விலாவில் விரல் பட்டால் உடம்பு கூசுகிறது. ஆள் முன்னால் போய் நின்றால் மனசு கூசுகிறது. எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான்: வருவது சாதாரண அளவு, வாங்கிக்கொள்கிற இடம் அதைக் கூடுதலாக உணர்கிறது. பல் கூசுகிறவரை யாரும் கோழை என்று திட்டுவதில்லை.

ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் இதைக் கைக்குழந்தைகளிடமே பார்த்தார். நான்கு மாதக் குழந்தைகளின் முன்னால் புதிய பொம்மைகளை ஆட்டினார்கள், பழக்கமில்லாத குரல்களைக் கேட்க வைத்தார்கள், புதிய வாசனையைக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று கைகாலை உதைத்து, முதுகை வளைத்து, அழுதது. அந்தக் குழந்தைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, வளர்ந்த பிறகு புது ஆட்களிடம் ஒதுங்கி நிற்பது அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஆனால் எல்லோரிடமும் இல்லை. பலர் சாதாரணமாகத்தான் வளர்ந்தார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதைக் கேகனின் ஆய்வு பாதிதான் ஒப்புக்கொள்கிறது.

1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபிலிப் ஸிம்பார்டோ கூச்சத்தைப் பற்றி ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டார். சுமார் 40 சதவீதம் பேர் தங்களைக் கூச்ச சுபாவிகள் என்று சொன்னார்கள். இவ்வளவு பேருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியதில்லை. விருந்தில் ஓரமாக நின்றுவிட்டு, பழகிய பிறகு கலகலப்பாகிறவருக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். தனிமையை விரும்பித் தனியாக இருப்பவருக்கும் வேண்டாம். அவருக்குக் கூட்டம் அலுப்பு, பயமில்லை. போக ஆசைப்பட்டு, போக முடியாமல், போகாததற்காக அன்றிரவு தன்னையே திட்டிக்கொள்கிறவர்தான் இங்கே விஷயம்.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது 'சமூக அச்சம்' என்ற பெயரில் ஏறியது 1980இல். அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1985இல், மைக்கேல் லீபோவிட்ஸும் சக மருத்துவர்களும் இதைப் புறக்கணிக்கப்பட்ட கோளாறு என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதன் பெயர் 'சமூகப் பதற்றக் கோளாறு'. பிறர் தன்னை எடைபோடுவார்கள் என்ற பயம், சூழ்நிலைக்குப் பொருந்தாத அளவில், ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவையோ பாதித்தால் அந்தப் பெயர் பொருந்தும். பேசுவது மட்டுமில்லை, பிறர் பார்க்கச் சாப்பிடுவது, பிறர் பார்க்கக் கையெழுத்துப் போடுவது, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவது என்று எங்கே வேண்டுமானாலும் இது உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: என் பார்வையோ வாடையோ மற்றவர்களைச் சங்கடப்படுத்திவிடுமோ என்ற பயம். அங்கே அதை 'தைஜின் க்யோஃபுஷோ' என்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறு இருந்தவர்கள் சுமார் 12 சதவீதம். பாதிப் பேருக்கு 13 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. இதில் என்னை உட்கார வைத்த எண் வேறொன்று: உதவி தேடிப் போகிறவர்கள்கூட 15 முதல் 20 வருஷம் இதோடு வாழ்ந்த பிறகுதான் போகிறார்கள். பதின்மூன்றில் ஆரம்பித்தால் முப்பதை நெருங்கும்போது. என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது, யாரோடு வாழ்வது என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும், கூச்சமே பாதி முடிவுகளை எடுத்திருக்கும். நேர்முகத் தேர்வு இல்லாத வேலையா என்று பார்த்துப் பார்த்து விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும். கேட்டால், "எனக்கு அந்த வேலைதான் பிடிச்சிருந்தது" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

கூச்சத்தை நோயாக்கி மருந்து விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. 1999இல் பராக்ஸெடின் என்ற மருந்துக்கு இந்தக் கோளாறுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதையொட்டி வந்த விளம்பரங்கள் மனிதர்களே ஒவ்வாமை ஆகிவிட்டால் எப்படி இருக்கும் என்கிற ரீதியில் பேசின. விளம்பரம் மிகைதான். அதற்காக, பத்து வருஷமாகப் போன் எடுக்காதவரிடம் போய் "உனக்கு ஒன்றுமில்லை, கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை" என்று சொல்வதும் நியாயமில்லை.

அப்புறம், இது ஏன் தானாகப் போவதில்லை? வருஷம் முழுக்க மனிதர்களைச் சந்தித்துக்கொண்டுதானே இருக்கிறோம், பழகிப்போக வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை 1995இல் வந்தது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சொன்னது இதுதான்: கூச்சப்படுகிறவர் மனிதர்கள் நடுவே இருந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதில்லை. அவர் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. முகம் சூடாகிறது, அப்படியானால் சிவந்திருக்கும். கை லேசாக நடுங்குகிறது, அப்படியானால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்ளே தோன்றுவதை வைத்து வெளியே தெரிவதை ஊகிக்கிறார். எதிரில் இருப்பவர் சிரித்ததோ தலையாட்டியதோ கணக்கில் வருவதே இல்லை.

இதற்கு மேல் தற்காப்பு வேலைகள். கோப்பை நடுங்குவது தெரியக் கூடாதென்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிறார். இறுக்கியதால் நடுக்கம் கூடுகிறது. உளறிவிடக் கூடாதென்று வாக்கியத்தை முன்கூட்டியே மனசுக்குள் கோக்கிறார்; கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. சன்னமாகப் பேசினால் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்; "என்ன சொன்னீங்க?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். கண்ணைப் பார்க்காமல் இருக்கிறார். பார்ப்பவர்கள் தலைக்கனம் என்கிறார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். இவ்வளவுக்கும் பிறகு ஒன்றும் விபரீதமாக நடக்கவில்லை என்றால், "நல்லவேளை, கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்" என்றுதான் மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. பயம் பொய் என்று தெரியவருவதற்கு வாய்ப்பே அமைவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பிரேதப் பரிசோதனை தொடங்கும்: அவர் கேட்டதற்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன், அவர் ஏன் கடிகாரத்தைப் பார்த்தார். இரவு ஒரு மணிக்குக் கிடைக்கிற தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்.

உண்மையில் மற்றவர்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள்? தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட சோதனை பிரபலமானது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே சங்கடமான ஒரு பாடகரின் படம் போட்ட டீ சர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் கணித்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். 2018இல் இன்னொரு ஆய்வு: முதல்முறை சந்தித்துப் பேசிய இருவரிடம் தனித்தனியாகக் கேட்டால், எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்து மதிப்பிட்டார்கள். கூச்சம் அதிகம் உள்ளவர்களிடம் இந்தக் குறை மதிப்பு இன்னும் கூடுதல். எனக்குப் பிடித்தது 2003இல் வந்த ஒன்று. மேடையேறப் போகிறவர்களிடம், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று முன்கூட்டியே விளக்கினார்கள். அவ்வளவுதான். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், பார்த்தவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். "பயப்படாதே" என்று சொல்வதைவிட "பயம் தெரியவில்லை" என்று சொல்வது எவ்வளவு உபயோகம் பாருங்கள்.

இனி அந்த வாசற்படி. மனநல மருத்துவரிடம் நேரம் கேட்க நான் போன் செய்த கதை, எத்தனையோ பேரின் கதையாக இருக்கும். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: "வணக்கம், டாக்டரைப் பார்க்க ஒரு நேரம் வேணும்." முதல் நாள் எண்களை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னால் துண்டித்தேன். இரண்டாம் நாள் லைன் பிஸி. அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, பரீட்சை தள்ளிப்போனது மாதிரி. மூன்றாம் முறை எடுத்துவிட்டார்கள். எழுதி வைத்ததைப் படித்தேன். "என்ன பிரச்சினைக்காக?" என்றார் மறுமுனையில். அது தாளில் இல்லை. வைத்துவிட்டேன். கடைசியில் என் அக்காதான் பேசி நேரம் வாங்கினாள், அரை நிமிஷத்தில்.

இதை வெட்கக்கேடாக நினைத்தேன். நடுங்கும் கையால் கட்டுப்போட முடியாதவன் இன்னொருவரைப் போடச் சொல்வதில் என்ன வெட்கம்? முதல் படியை யாராவது எடுத்து வைக்கட்டும். போனுக்குப் பதில் மின்னஞ்சலிலோ இணையப் படிவத்திலோ நேரம் வாங்க முடிந்தால் அதைச் செய்யலாம். கூட ஒருவர் வரலாம். உள்ளே போய்ப் பேச்சு வராது என்று தெரிந்தால், முந்தைய இரவே ஒரு பக்கம் எழுதி, மருத்துவரிடம் நீட்டிவிடலாம். மிக உபயோகமானது இந்த மூன்றும்: எந்த வயதிலிருந்து, எதையெல்லாம் தவிர்க்கிறேன், அதனால் எதை இழந்தேன். வெறுமனே "பதட்டமா இருக்கு" என்றால் தூக்க மாத்திரையோடு அனுப்பப்படும் அபாயம் உண்டு. "மூணு வருஷமா யார் போனையும் எடுத்ததில்லை" என்றால் எவருக்கும் புரியும். எடுத்துக்கொடுக்க லீபோவிட்ஸ் 1987இல் வெளியிட்ட அளவுகோல் இருக்கிறது: 24 சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். அதை வைத்து நோய் இருக்கிறதென்று நாமே முடிவுகட்டக் கூடாது. ஆனால் வாய் திறக்காமல் நிலைமையைச் சொல்ல அதைப்போல வசதியான தாள் வேறில்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்திருந்தால் அந்தத் தாளின் முதல் வரியாக அது இருக்கட்டும். நெடுநாள் கூச்சத்தோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது சகஜம்.

சிகிச்சை என்றதும் 'ஆறுதலாகப் பேசுவார்கள்' என்று நினைத்துத்தான் போனேன். நினைப்பையும் நடந்துகொள்வதையும் சோதித்துப் பார்த்து மாற்றுகிற அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை அப்படியில்லை, ஏறக்குறைய விஞ்ஞான வகுப்பு. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2013இல் இந்தக் கோளாறுக்கு முதலில் பரிந்துரைத்தது இதைத்தான், அதுவும் குழுவாக இல்லாமல் தனி ஆளாக. கிளார்க்-வெல்ஸ் முறை என்றால் ஒன்றரை மணி நேர அமர்வுகள், சுமார் நான்கு மாதத்தில் 14 வரை. அதில் நடப்பது சோதனை. தற்காப்பு வேலைகளோடு ஐந்து நிமிஷம் ஒருவரிடம் பேசச் சொல்கிறார்கள். அப்புறம் அவற்றை விட்டுவிட்டு, கவனத்தை வெளியே வைத்து இன்னொரு ஐந்து நிமிஷம். இரண்டையும் வீடியோவில் காட்டுகிறார்கள். பார்ப்பதற்கு முன் "எப்படித் தெரிவீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். முகம் தக்காளி மாதிரி இருக்கும் என்று எழுதியவர் திரையில் பார்ப்பது, கொஞ்சம் சோர்வாக இருக்கிற ஒரு சாதாரண ஆளை. பிறகு வெளியே போய் வேண்டுமென்றே தடுமாறிப் பேசுவது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது. பயத்தைச் சகித்துக்கொள்ளும் பயிற்சி என்று இதை எடுத்துக்கொள்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். என்ன நடக்கும் என்று முன்னால் எழுதி, என்ன நடந்தது என்று பின்னால் எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு விஷயம் சுவாரசியமாகிவிடுகிறது.

இந்த யோசனையின் முன்னோடி ஒருவர் இருக்கிறார். பின்னாளில் புகழ்பெற்ற உளவியலாளரான ஆல்பர்ட் எல்லிஸ், பெண்களிடம் பேசவே முடியாத 19 வயது இளைஞராக இருந்தபோது, நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசியே தீருவது என்று ஒரு மாதத்துக்கு வைராக்கியம் வைத்துக்கொண்டார். சுமார் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேரிடம் பேசினார். மறுபடி சந்திக்க ஒருவர் மட்டும் சம்மதித்தார், அவரும் வரவில்லை. ஆனால் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை, யாரும் வாந்தியெடுத்து ஓடிப்போகவில்லை என்று எல்லிஸ் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்வார். இன்றைக்கு இதே சோதனையைச் செய்யச் சொல்ல மாட்டேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் நிம்மதி வேண்டும்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், குறிப்பாக செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை, பலருக்கு உதவுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. மேடையேறும் முன் இதயப் படபடப்பைக் குறைக்கச் சிலர் போட்டுக்கொள்ளும் ப்ரோப்ரனலால் நடுக்கத்தை மட்டுப்படுத்தும், கூச்சத்தைத் தீர்க்காது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. மது இந்தப் பட்டியலில் வராது, ஆனால் மருத்துவர் எழுதித் தராமலே அதிகம் பேர் எடுத்துக்கொள்வது அதைத்தான். இரண்டு கிளாஸ் உள்ளே போனால்தான் பேச்சு வருகிறது என்றால், பேசியது நானில்லை, கிளாஸ்தான் என்று மூளை கணக்கெழுதும். அதுவும் கோப்பையை இறுக்கிப் பிடிப்பது மாதிரிதான்.

சிகிச்சைக்கு வெளியே, தன்னைப் போன்றவர்களோடு சேர்வது பெரிய ஆறுதல். "எனக்கும் போன் அடித்தால் வயிறு கலங்கும்" என்று முதல்முறை இன்னொருவர் சொல்லக் கேட்கிற நிமிஷத்தை மறக்க முடியாது. எழுத்தில் பேசும் குழுக்கள் வாய் திறக்க முடியாதவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அங்கேயே குடியிருந்துவிடலாம். வருஷக்கணக்கில் இரவெல்லாம் எழுத்தில் கலகலப்பாகவும் பகலில் கதவைச் சாத்திக்கொண்டும் வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்திலிருந்து குரலுக்கு, குரலிலிருந்து நேருக்கு என்று நகர்த்துகிற குழுவாக இருந்தால் நல்லது. பேச்சுப் பயிற்சிக்கென்று 1924இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற மன்றங்களும் உண்டு. மேடை மட்டும் பயம் என்கிறவர்களுக்கு அவை பொருத்தம். முதல் கூட்டத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

வீட்டில் இருப்பவர்கள் பாடு இன்னும் சிக்கல். பிள்ளை தடுமாறும்போது அம்மா பதில் சொல்லிவிடுகிறாள். அது அன்பு, ஆனால் தினமும் நடந்தால் பிள்ளைக்குப் பதில் சொல்லும் வேலையே இல்லாமல் போகிறது. மறுபக்கம், உறவினர் முன்னால் தள்ளிவிட்டு "பாடிக் காட்டு" என்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது. என் அக்கா முதல்முறை எனக்காகப் பேசினாள். இரண்டாம் முறை பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பேசச் சொன்னாள். மூன்றாம் முறை பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் வாயாடிவிட்டு வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசாத சின்னக் குழந்தைகள் உண்டு. அது பிடிவாதமில்லை, சில இடங்களில் மட்டும் பேச்சு வராத, 'செலக்டிவ் ம்யூட்டிசம்' என்ற தனிப் பதற்ற நிலை; சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் சரியாகும்.

எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும்போதெல்லாம் டார்வின் பதிவுசெய்த ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872இல் அவர் வெளியிட்ட நூலில், முகம் சிவப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மிகவும் கூச்ச சுபாவமுள்ள ஒருவரைக் கௌரவிக்கச் சின்ன விருந்து நடக்கிறது. நன்றி சொல்ல அவர் எழுந்து நிற்கிறார். மனப்பாடம் செய்துவைத்திருந்த உரையை ஒரு சொல்கூட வாய்விட்டு வராமல், முழு நிசப்தத்தில், ஆனால் அழுத்தம் திருத்தமாகப் பேசுகிற பாவனையோடு நிகழ்த்துகிறார். நண்பர்களுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அவர் கை அசைவு ஓய்கிற இடங்களிலெல்லாம் பலமாகக் கைதட்டுகிறார்கள். தான் பேசவே இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. இன்றைக்கு நன்றாகவே பேசிவிட்டேன் என்று பிறகு ஒரு நண்பரிடம் திருப்தியாகச் சொன்னாராம். அந்த மேசையில் நான் இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அடுத்த வாரம், கைதட்டாமல், அவர் குரல் கேட்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதை டார்வின் எழுதவில்லை.